முன்வரிசைக் குடல்

அன்றைய வாரக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். குடல் ஒழுக்க மையத்தில் உட்காரும் இடம்தான் உடம்பின் நிலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மேடையில் சாய்வு நாற்காலியில் இயக்குநர். அவருக்கு வலப்பக்கம் ஆலோசகி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு. மேடைக்குக் கீழே முதல் வரிசையில் மெத்தை வைத்த நாற்காலிகள். அவற்றில் ஜாடிகள் உட்கார்ந்திருந்தன. ஆளுக்கொரு கண்ணாடி ஜாடி, உள்ளே உப்புநீரில் புளித்துக்கொண்டிருக்கும் முட்டைக்கோஸ். ஜாடிக்குள் குடியிருக்கும் நல்ல கிருமிகளுக்கு அதிர்ச்சி ஆகாது என்பதால் மெத்தை. அந்த வரிசையின் நடுவில் மட்டும் ஜாடியோடு ஒரு மனுஷியும் உட்காரலாம். முன்மாதிரிக் குடலுக்கு உரிய இடம் அது. அங்கே தையல்காரியின் அக்கா உட்கார்ந்திருந்தாள், மடியில் விரல்களைக் கோத்து வைத்துக்கொண்டு.

இரண்டாம் வரிசை மர நாற்காலிகள்: மூட்டு வீக்கம் வடிந்துகொண்டிருப்பவர்கள். மூன்றாம் வரிசை இரும்பு மடக்கு நாற்காலிகள்: வீக்கம் நின்ற இடத்திலேயே நிற்பவர்கள். கடைசியில் சுவரோரம், சாய்மானம் இல்லாத குட்டை பெஞ்சு: இன்னும் வீங்கிக்கொண்டிருப்பவர்கள். முழங்கால் மடங்காதவர்களுக்கு இருப்பதிலேயே தாழ்ந்த இடத்தை ஏன் கொடுத்தீர்கள் என்று ஒருவர் ஒருமுறை கேட்டுவிட்டார். "வசதியா உட்கார்ந்துட்டா குணமாகணும்னு எப்படிங்க தோணும்?" என்றாள் ஆலோசகி. கேட்டவர் நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டு, இருவர் கை கொடுக்க எழுந்து போனார்.

தையல்காரி அந்த பெஞ்சின் ஓரத்தில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர் அண்ணன்.

இயக்குநர் மைக்கைத் தட்டினார்.

"நம் மையத்தில் இதுவரை குணமாகாதவர் என்று ஒருவர்கூட இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. குணமாகாதவர்களை நாம் நம்மவர்களாக எண்ணுவதில்லை, அவ்வளவுதான். மாத்திரை சாப்பிட்டு ஒருவருக்கு வலி போகலாம். ஆனால் அவர் குணமாகவில்லை, குணமாக்கப்பட்டிருக்கிறார். அதில் என்ன மரியாதை இருக்கிறது?"

மர நாற்காலிகள் கைதட்டின. இரும்பு நாற்காலிகளும் தட்டின. பெஞ்சில் இருந்தவர்களால் தட்ட முடியவில்லை. கை வீங்கியிருந்தது. அது அவர்கள் பெயரில் ஒத்துழையாமை என்று குறிக்கப்பட்டது.

தையல்காரி மேடையைப் பார்க்கவில்லை. அக்காவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கோத்த விரல்களைப் பிரித்தாள், நெட்டி முறித்தாள், மறுபடி கோத்தாள். கடைசி பெஞ்சு வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று தையல்காரிக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலையும் ஆலோசகி ஸ்டெதஸ்கோப்பில் கேட்டிருந்தால் அமிலம் என்று எழுதியிருப்பாள்.

நோய்கூட அக்காவுக்குத்தான் முதலில் வந்தது. விரல் கணுக்கள் சிவந்து வீங்கி, காலையில் எழுந்தால் கை விரியாது. முடக்கு வாதம் என்றார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். சில வருடம் கழித்துத் தையல்காரிக்கும் அதே நோய் வந்தபோது, "உனக்குமா?" என்று போனில் கேட்டு வைத்துவிட்டார்கள். அக்காவுக்கு வாங்கிய பழத்தோடு அவர்களுடைய அனுதாபம் தீர்ந்து போயிருந்தது.

இருவரும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். மூட்டு டாக்டர் வாரம் ஒருநாள் போடும் மஞ்சள் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். குடலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தையல்காரி கேட்டாள். "இருக்கலாம், ஆராய்ச்சி நடக்குது. காய்கறி, பருப்பு, கீரை, தயிர் எல்லாம் நல்லாச் சாப்பிடுங்க. மாத்திரையையும் சாப்பிடுங்க" என்றார். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயத்துக்கு யார் மேடை போடுவார்கள், யார் நாற்காலி போடுவார்கள்? அதனால் அது மனதில் நிற்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் தெருமுனையில் மையம் வந்தது. அக்கா சேர்ந்தாள். அக்கா சேர்ந்ததால் தங்கையும் சேர்ந்தாள். மாத்திரையை நிறுத்துவதுதான் அங்கே முதல் நிபந்தனை, தக்காளியைத் தொடக் கூடாது என்பது இரண்டாவது. தையல்காரி அன்றைக்கே இரண்டையும் நிறுத்திவிட்டாள்.

அக்காவின் வீக்கம் வடிந்தது. தங்கையின் வீக்கம் வடியவில்லை. ஒரே தெரு, ஒரே ரத்தம், ஒரே முட்டைக்கோஸ். கத்தரிக்கோலின் வளையத்துக்குள் தையல்காரியின் கட்டைவிரல் நுழைய மறுத்தது. ஊசியில் நூல் கோப்பதற்குள் ஒரு கால்சட்டையைத் தைத்துவிடலாம் என்றாகிவிட்டது. அவளுக்கு வேலை கொடுக்கும் துணிக்கடைக்காரர் போன வாரம் வந்து ஒரு கால்சட்டையின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "பாம்பு போன மாதிரி இருக்கும்மா. இன்னொரு தடவை இப்படி வந்தா நான் வேற ஆள் பாத்துக்கறேன், தப்பா நினைக்காதீங்க."

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க மையத்தில் கேட்பறை என்று ஓர் அறை இருந்தது. அதில் ஒரு கட்டில். ஆலோசகி அவளைப் படுக்க வைத்துத் தொப்புளுக்கு மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

தையல்காரி வாயைத் திறந்தாள்.

"உங்களைக் கேக்கல" என்றாள் ஆலோசகி.

காலையிலிருந்து முட்டைக்கோஸ் தண்ணீரைத் தவிர வேறொன்றும் காணாத வயிறு நீளமாக உறுமியது. ஆலோசகி கண்ணை மூடிக் கேட்டாள்.

"தக்காளின்னு சொல்லுது."

"நான் தக்காளியைக் கண்ணால பாத்தே எவ்வளவோ நாளாச்சு மேடம்."

"மோந்து பாத்தீங்களா?"

தையல்காரி யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "பக்கத்து வீட்ல வதக்கினாங்க. ஜன்னல் திறந்திருந்துச்சு."

"பாத்தீங்களா? உங்களைவிட உங்க குடலுக்கு நேர்மை அதிகம்."

"என் அக்கா வீட்டுக்கும் அதே காத்துதானே மேடம் போகுது?"

"அவங்க குடல் மூச்சை அடக்கிக்கும்."

ஜன்னலை மூடச் சொன்னார்கள், மூடினாள். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, வேர்த்து வடிய மிஷினில் உட்கார்ந்தாள். ஜன்னலை மூடியும் வீங்கியபோது, தக்காளியை நினைத்தீர்களா என்று கேட்டார்கள். நினைக்காதே என்று சொன்ன பிறகுதான் நினைக்க ஆரம்பித்தேன் என்றாள். மனப்பூர்வமான மீறல் என்று எழுதிக்கொண்டார்கள்.

பெஞ்சுக்காரர்களைக் கைதூக்கிவிட மையம் ஒரு வழி வைத்திருந்தது. அதற்குச் சாறு வார்த்தல் என்று பெயர். முன்மாதிரிக் குடலின் ஜாடியிலிருந்து ஒவ்வொருவர் வாயிலும் ஒரு கரண்டி. வார்ப்பவள் அக்கா. வாங்குபவர் "உங்கள் குடலுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுத்தான் விழுங்க வேண்டும்.

"வாயை நல்லாத் திற" என்றாள் அக்கா. சின்ன வயதில் பேதி மருந்து கொடுத்த அதே குரல்.

தையல்காரி திறந்தாள்.

"முதல்ல நன்றி" என்று ஆலோசகி நினைவூட்டினாள்.

"உன் குடலுக்கு நன்றி."

"உங்கள்."

ஐம்பது வயதுக்கு மேல், கூடப் பிறந்தவளை உங்கள் என்று சொல்லிப் புளித்த தண்ணீரைக் குடித்தாள். அக்கா கரண்டியின் காம்பை இரண்டே விரலால் பிடித்திருந்தாள், பூவின் காம்பைப் பிடிப்பதுபோல. ஒரு சொட்டு சிந்தவில்லை. தையல்காரிக்குச் சாற்றைவிட அந்தப் பிடிதான் புளித்தது.

"முழுங்கிடு தங்கச்சி" என்றார் டிரைவர் அண்ணன், தன் முறை முடிந்து வாயைத் துடைத்தபடி. "எனக்கு இது பெரிசாத் தெரியல. டிப்போல டீ இப்படித்தான் இருக்கும்."

அன்றைய கூட்டத்தின் முடிவில்தான் இயக்குநர் அடுத்த கட்டத்தை அறிவித்தார்.

"சாற்றால் திருந்தாத குடல்களும் இருக்கின்றன. அவற்றுக்காக நேரடிக் கொடை என்ற முறையைத் தொடங்குகிறோம். நல்ல குடலில் விளைவதை எடுத்து, திருந்தாத குடலில் சேர்த்துவிடுவது."

டிரைவர் அண்ணன் கையைத் தூக்கினார். தோள்வரைதான் வந்தது. "குடல்ல என்னங்க ஐயா விளையும்?"

புரிதலும் அங்கே வரிசைப்படிதான் வந்தது. முதலில் மர நாற்காலிகள் முகம் சுளித்தன, பிறகு இரும்பு நாற்காலிகள், கடைசியாக பெஞ்சு.

"அதை அன்போடு பார்க்கப் பழக வேண்டும்" என்றார் இயக்குநர். "முதல் கொடையாளர், நம் முன்மாதிரிக் குடல். முதல் பெறுநர், அவருடைய தங்கை. சம்பிரதாயமாக ஒரு ரத்தப் பரிசோதனை வெளியே ஆய்வகத்தில் நடக்கும். நமக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் பிறகு ஏதாவது ஆனால் யாரோ ஒருவர் பொறுப்பு என்று இருக்க வேண்டுமே."

பெறுநர் தன் கைப்பட ஒரு வேண்டுகோள் எழுதித் தர வேண்டும். வாசகத்தை மையமே தந்தது: என் மூட்டுகள் வீங்கியது என் குற்றமே. என் அக்காவின் கொடையை இரந்து கேட்கிறேன். அதன் பின்னும் வீக்கம் வடியாவிட்டால் குறை கொடையில் இல்லை, கொள்கலத்தில். இதை எழுதினால் உடனே இரும்பு நாற்காலிக்கு உயர்வு. எழுதாவிட்டால் அடுத்த கூட்டத்திலிருந்து வர வேண்டாம்.

வெளியே வரும்போது டிரைவர் அண்ணன் மெல்லக் கேட்டார். "எழுதப் போறியா?"

"எழுதாம? என் கை போனா என் பிழைப்பு போச்சு அண்ணே. அவளுக்கு இருக்கறது எனக்கும் வரும்னா எந்த வழியா வந்தா என்ன?"

"வழிதான் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் பஸ் ஏறப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் தையல் மேசையில் துணிகளை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்தாள். பேனாவை எப்படிப் பிடித்தாலும் நழுவியது. இரண்டு கையாலும் பிடித்து 'என்' என்று எழுதினாள். கோழி கிளறியதுபோல இருந்தது. இரண்டாம் தடவை எழுதும்போது கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டிருக்கேன்."

"எழுதாத."

"ஏன்?"

"வேணாம்னா விடேன். எல்லாத்துக்கும் காரணம் சொல்லணுமா உனக்கு?"

தையல்காரி பேனாவைக் கீழே வைத்தாள். உள்ளே வருஷக்கணக்காக மடித்து வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக அவிழ்ந்தது.

"சின்ன வயசுல நீ உடுத்திக் கழிச்ச துணியக் குடுத்த, போட்டுக்கிட்டேன். நீ தேய்ச்சுக் கழிச்ச செருப்பக் குடுத்த. படிச்சுக் கழிச்ச புத்தகத்தக் குடுத்த, அதுலயும் விடையெல்லாம் நீயே எழுதி வச்சு. இதக் குடுக்க மட்டும் மனசு வரலையா? எப்படியும் வெளிய போறதுதானே?"

"ஏய், என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரியாம என்ன? ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் கரண்டில வார்க்கற. கூடப் பிறந்தவளுக்குன்னா கசக்குது. எனக்கும் சரியாயிட்டா உன் பக்கத்துல வந்து உட்கார்ந்துடுவேன்னு பயம்."

அக்கா துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் அப்படி உட்காருகிறவள் இல்லை, தட்டிப் பார்த்துத்தான் உட்காருவாள்.

"நான் மாத்திரைய நிறுத்தல" என்றாள்.

"எந்த மாத்திரை?"

"மஞ்ச மாத்திரைதான். ஆஸ்பத்திரிக்கும் போய்ட்டுதான் இருக்கேன். ஆய்வகத்துல என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு கேப்பாங்க. பொய் சொல்லி மாட்டிக்கிட்டா என்ன ஆகறது? அந்தக் கண்றாவி உன் உடம்புக்குள்ள போய் எதாவது ஆச்சுன்னா? அதான் எழுதாதன்னு சொன்னேன்."

மிஷின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. தையல்காரி பேனாவை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள். பிறகு கேட்டாள்.

"தக்காளி?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "சாப்பிடுவேன்."

"எப்பவாவதா?"

"தினமும். ரொட்டியில வச்சு."

மாத்திரையைவிட இதுதான் அதிகமாகச் சுட்டது. மூடிய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவள் வேர்த்துக்கொண்டிருந்த பகல்களில் எல்லாம், நாலு வீடு தள்ளி ஒருத்தி தக்காளியை வட்டம் வட்டமாக நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நறுக்கவும் முடிந்திருக்கிறது அவளால்.

"இந்தக் கைய நீ பாத்துட்டுதானே இருந்த?" தையல்காரி விரியாத விரல்களை மேசைமேல் வைத்தாள். "வாரா வாரம் பாத்த. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அக்கா அந்த விரல்களைப் பார்க்காமல் சொன்னாள்.

"சொன்னா நீயும் போட்டிருப்ப. உனக்கும் வடிஞ்சிருக்கும். அங்க ஆள் உட்கார்ற மெத்தை நாற்காலி ஒண்ணுதான் இருக்கு."

"அந்த நாற்காலிக்காகவா?"

"உனக்கென்னடி தெரியும்? சின்ன வயசுலேர்ந்து உன் கையத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. நீ ஒரு பொத்தான் தைச்சாலும் எடுத்துக் காட்டுவாங்க. என் கை சமைச்சுது, துவைச்சுது, பாத்திரம் தேய்ச்சுது. ஒருத்தர் நின்னு பாத்தாங்களா? அங்கதான் முதல் தடவையா எனக்குக் கை தட்டினாங்க. என் குடலுக்குத் தட்டினாங்க, சரி, எதுக்கோ தட்டினாங்கல்ல. உன் விரல் வளைய வளைய எனக்குப் பாவமாவும் இருந்துச்சு. உள்ள ஒரு மூலைல..." அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை.

தையல்காரிக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது. தன் வாழ்க்கையில் பொறாமை ஒன்றுதான் தானே சம்பாதித்தது என்று அவள் நினைத்திருந்தாள். கடைசியில் அதுவும் அக்காவிடமிருந்து வந்ததுதானா, அவள் உடுத்திக் கழித்த பிறகு?

"உன் மாத்திரையக் குடு" என்றாள்.

"அப்படிக் குடுக்கக் கூடாது. டாக்டர் ரத்தம் பாத்து அளவு சொல்லித்தான் தருவார். இவ்வளவு நாள் போகாதவங்கள ஆஸ்பத்திரில பேர எடுத்துருவாங்க. மறுபடி சேர்த்துக்கணும்னா எழுதிக் கேக்கணும்."

"அப்ப பேனாவ எடு. எனக்கு எழுத வரலேன்னு தெரியுதுல்ல."

அக்கா எழுந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து ஓரம் மடித்தாள். தையல்காரி சுவரைப் பார்த்தபடி சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

மதிப்புக்குரிய மூட்டு டாக்டர் அவர்களுக்கு. தாங்கள் கொடுத்த மாத்திரையை நான் தங்களைக் கேட்காமல் நிறுத்திவிட்டேன். குடல் சரியானால் மூட்டு தானாகச் சரியாகும் என்று சொன்னதை நம்பினேன். இப்போது வலது கை விரல்கள் நீளவில்லை. நான் தையல் வேலை செய்கிறவள். இந்தக் கை இல்லாமல் எனக்கு வேறு வழியில்லை. கூடிய சீக்கிரம் ஒரு நாள் ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இனி காய்கறியும் பருப்பும் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

"போதுமா?" என்றாள் அக்கா.

"இல்ல. இன்னும் எழுது. இந்தக் கடிதத்தை எழுதுவது என் அக்கா."

எழுதினாள்.

"இவளையும் தாங்கள் அறிவீர்கள். தங்கள் மாத்திரையால் நன்றாக இருக்கிறாள்."

எழுதினாள்.

"அதைத் தன் குடலின் பெருமை என்று சொல்லிக்கொண்டு, நான் முடங்குவதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்."

பேனா நின்றது. "இத எழுதணுமா?"

"எழுது."

"டாக்டர் என்ன நினைப்பாரு?"

"எனக்கும் தெரியல. எழுது."

அக்கா எழுதினாள். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. தன்னைப் பற்றிய அந்த வரியையும் பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய அதே குண்டுக் கையெழுத்தில், புள்ளிகளைச் சரியான இடத்தில் வைத்து எழுதி முடித்தாள். கடிதத்திலேயே அழகான வரி அதுதான் என்று தையல்காரிக்குத் தோன்றியது. அதற்காகவும் கோபம் வந்தது.

கீழே தையல்காரி தன் கையால் ஒரு கோடு இழுத்தாள். அது கையெழுத்து.

அக்கா தாளை மூன்றாக மடித்து உறைக்குள் தள்ளினாள். ஒட்டும் ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி, கட்டைவிரலை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அழுத்தி ஓட்டினாள். தையல்காரி அந்தக் கட்டைவிரல் போகும் வழி முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானே போட்டுட்டு வந்துடறேன்" என்று அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தையல்காரி முழங்கையால் முட்டித் தள்ளி ஜன்னலைத் திறந்தாள். அக்கா படியைப் பிடிக்காமல் இறங்கினாள், தெருவைக் கடந்தாள், எதிர்ப்புறத் தபால்பெட்டிக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். உறையைத் திருப்பி முகவரியைப் பார்த்தாள். பிறகு ஐந்து விரலாலும் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, விழுந்துவிட்டதா என்று பெட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.